நம் முதல் தலைமுறையின் முகங்கள் எங்கே?

பீன்யாவிலும், சுற்றியுள்ள லக்கெரே, ஹெக்கனஹள்ளி, ராஜகோபால் நகர், தாசரஹள்ளி பக்கங்களிலும் குடியிருக்கும் நம் குடும்பங்களிடம் ஒரு கேள்வி. உங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஊரை விட்டு இங்கே வந்து இறங்கியவர் யார்? அவருடைய புகைப்படம் வீட்டில் இருக்கிறதா? இருந்தால், அது எதற்காக எடுத்த படம்?

பெரும்பாலான வீடுகளில் என்ன பதில் வரும் என்பது சங்க வேலையாக வீடு வீடாக ஏறி இறங்கும் நமக்குத் தெரியும். கம்பெனி கேட் பாஸுக்கு எடுத்தது, இ.எஸ்.ஐ. கார்டுக்கு எடுத்தது, ரேஷன் கார்டுக்கு எடுத்தது என்று இந்த மூன்றில் ஒன்றாக இருக்கும். ஆள் இறந்த அன்று அந்தத் தபால்தலை அளவுப் படத்தை எடுத்துக்கொண்டு பையன் ஸ்டுடியோவுக்கு ஓடுகிறான். கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கி, கோட்டும் டையும் போட்ட யாரோ ஒருவருடைய உடம்பில் ஒட்டி, பின்னால் நீல வானத்தை வைத்துக் கொடுக்கிறார்கள். முப்பது வருஷம் லேத் முன்னால் நின்ற மனிதர், வாழ்நாளில் ஒருநாளும் போடாத கோட்டோடு மாலைக்குள் உட்கார்ந்திருக்கிறார். பேரப்பிள்ளைகள் அதைத்தான் தாத்தா என்று கும்பிட்டு வளர்கிறார்கள்.

கூலி, பி.எஃப்., வாடகை என்று எழுத எத்தனையோ இருக்க, போட்டோவைப் பற்றி ஒரு கட்டுரையா என்று கேட்கும் தோழர்கள் இருக்கலாம். 1970-களின் கடைசியிலும் 1980-களிலும் தர்மபுரி, சேலம், வட ஆற்காடு, தென் ஆற்காடு ஜில்லாக்களிலிருந்து வந்து இந்தத் தொழிற்பேட்டையை எழுப்பிய தலைமுறைக்கு இன்று வயது அறுபத்தைந்தும் எழுபத்தைந்தும். வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே போகிறார்கள். அவர்கள் உயிரோடிருக்கும்போதே, அவர்கள் விரும்பும் கோலத்தில், பெயரோடும் தொழிலோடும் படம் பிடித்து ஊரறிய வைக்க வேண்டும். அதைச் சங்கமே முன்னின்று செய்ய வேண்டும் என்பது நம் கருத்து. ஏன் என்பதை விளக்குகிறோம்.

படம் எடுக்கச் சொன்னவன் யார்?

உழைப்பாளியின் முகத்தை இந்த நாட்டில் முதலில் வரிசையாகப் படம் பிடிக்கச் சொன்னது ஆளும் சர்க்கார். 1857 கலகத்துக்குப் பிறகு, இந்தத் தேசத்தில் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்று கணக்கெடுக்கும் அவசரம் வெள்ளையருக்கு வந்தது. 1868 முதல் 1875 வரை 'இந்தியாவின் மக்கள்' என்ற பெயரில் எட்டுத் தொகுதிகளை வெளியிட்டார்கள். அவற்றில் நானூறுக்கும் மேற்பட்ட புகைப்படங்கள். பெரும்பாலான படங்களின் கீழே சாதியின் பெயர் இருக்கும், குலத்தின் பெயர் இருக்கும். உட்கார்ந்திருக்கும் மனிதரின் பெயர் இருக்காது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909-ல் ஏழு தொகுதிகள் கொண்டுவந்தார். அவர் மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து எழுதியவர். பூச்சிகளைக் குத்தி அட்டையில் வைப்பதுபோல நம் பாட்டன்மார்களை வைத்தார்கள்.

கடல் கடந்து போன நம்மவர் கதை இன்னும் தெளிவானது. 1834-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸ் தீவுக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் இந்தியர்களைக் கப்பலேற்றினார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து போன தமிழரும் தெலுங்கரும் அதில் பல்லாயிரம். ஒப்பந்தம் முடிந்தவர்கள் தங்கள் படம் ஒட்டிய சீட்டைக் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்று 1867-ல் அங்கே சட்டம் போட்டார்கள். சீட்டு இல்லாமல் பாதையில் அகப்பட்டால் நாடோடி என்று பிடித்துச் சிறையில் போடலாம். அந்தப் படத்துக்கும் சீட்டுக்கும் செலவு கூலிக்காரன் தலையிலேயே விழுந்தது. மக்கள் சும்மா இருக்கவில்லை. 1871-ல் அடோல்ஃப் தெ ப்ளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் துணை நிற்க, 9,401 பேர் கையெழுத்திட்டு கவர்னருக்கு மனுக் கொடுத்தார்கள். அதன் பலனாக அடுத்த ஆண்டே லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது பிறகு நடந்தது. ஆளைப் பிடிப்பதற்காக எடுத்த அந்தப் படங்கள் இன்று மொரீஷியஸில் மோகா என்ற ஊரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கொள்ளுப்பேரன்மார்கள் வந்து, எண்ணைச் சொல்லி, தங்கள் பாட்டனின் முகத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். கப்பல் வந்து நின்ற துறைமுகப் படிக்கட்டை 2006-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கட்டிப்போடப் பயன்பட்ட படத்தையே பிள்ளைகள் குலப்பெருமை ஆக்கிக்கொண்டார்கள்.

நம் கேட் பாஸ் படமும் அதே வம்சத்தைச் சேர்ந்ததுதான். செக்யூரிட்டி பார்ப்பதற்காக எடுத்தது. நேராகப் பார், சிரிக்காதே, அசையாதே என்று மிரட்டி எடுத்தது. ஒரு மனிதரைப் பற்றி நம்மிடம் மிஞ்சுவது அது ஒன்றுதான் என்றால், முதலாளியின் கண்ணால்தான் நம் அப்பாவை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்த துணிச்சல்

நம் வீடுகளில் வேறொரு வகைப் படமும் உண்டு. தகர டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்து முதல் போனஸ் வாங்கியதும் ஸ்ரீராமபுரத்திலோ யஷ்வந்த்பூரிலோ ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம். பின்னால் தூணும் மாடிப்படியும் தீட்டிய திரை. கையில் கடிகாரம், தன்னுடையதோ கூட்டாளியிடம் கடன் வாங்கியதோ. தலையில் எண்ணெய், முகத்தில் ஸ்டுடியோக்காரர் பவுடர். ஒரு பிரதி மணியார்டருக்குப் பின்னாலேயே ஊருக்குப் போகும். "இங்கே நான் நன்றாக இருக்கிறேன், கவலைப்பட வேண்டாம்" என்று எழுதத் தெரியாதவரும் அந்தப் படத்தால் அம்மாவுக்குச் சொல்லிவிட்டார்.

அதைப் பார்த்து வெறும் பகட்டு என்று இன்றைய பிள்ளைகள் சிரிக்கக் கூடாது. ஊரில் செருப்புப் போட்டு நடக்க முடியாத தெருக்களிலிருந்து வந்தவர்கள் அதில் எத்தனை பேர்! நாற்காலியில், காலுக்கு மேல் காலைப் போட்டு, செருப்போடு உட்கார்ந்து, கேமராவை நேராகப் பார்ப்பது அவர்களுக்கு ஒரு பெரிய காரியம். அந்த உட்காருதலை யாரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கூலியைக் கொடுத்துத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிப் படங்கள் எல்லா நாட்டுப் பிழைக்கப்போனவர்களிடமும் உண்டு. லண்டனில் பிரிக்ஸ்டன் வட்டாரத்தில் ஹாரி ஜேக்கப்ஸ் என்ற புகைப்படக்காரர் 1950-களின் கடைசியிலிருந்து ஏறக்குறைய நாற்பது ஆண்டு ஸ்டுடியோ நடத்தினார். ஜமைக்கா முதலான கரீபியன் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் நல்ல உடை உடுத்தி அவரிடம் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார்கள். பஸ் கண்டக்டர்களும் ஆஸ்பத்திரி நர்ஸுகளும்தான் அவருடைய வாடிக்கையாளர்கள். அந்தப் படங்கள் பிற்காலத்தில் லண்டன் கண்காட்சி மண்டபத்தில் வைக்கப்பட்டு, ஒரு தலைமுறையின் சரித்திரமாக மதிக்கப்பட்டன.

நம் பக்கத்தில் என்ன ஆயிற்று? பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டபோது நெகட்டிவ்களை அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டார்கள். கண்ணாடித் தகடுகளைக் கழுவி வேறு வேலைக்குக் கொடுத்தார்கள். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடிப் பிரதி எடுத்து வைத்திருக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த வேலை தமிழ்நாட்டையும் புதுச்சேரியையும் சேர்ந்தது. பீன்யா டிரங்குப் பெட்டியை நாம்தான் திறக்க வேண்டும்.

காகிதம் போனால் மனிதரும் போவாரா?

பிரிட்டனின் கதையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1948 ஜூன் 22 அன்று 'எம்பயர் விண்ட்ரஷ்' என்ற கப்பல் கரீபியன் தீவு மக்களோடு டில்பரி துறைமுகத்துக்கு வந்தது. அதன் பெயரால் அந்தக் காலத்தில் வந்தவர்களை விண்ட்ரஷ் தலைமுறை என்கிறார்கள். யுத்தத்தில் இடிந்த நாட்டைத் தூக்கி நிறுத்தியவர்களில் அவர்களும் உண்டு. பிள்ளைகளாக வந்து அங்கேயே வளர்ந்தவர்களைப் பார்த்து, அறுபது வருஷம் கழித்து, "நீ எப்போது வந்தாய், காகிதத்தைக் காட்டு" என்று அந்த நாட்டு சர்க்கார் கேட்டது. அவர்கள் வந்த தேதியைச் சொல்லும் பதிவு அட்டைகள் ஆயிரக்கணக்கில் அந்தச் சர்க்கார் வசமே இருந்தன. 2010-ல் அவற்றை அழித்துவிட்டார்கள். வேலை போனவர்கள், வைத்தியம் மறுக்கப்பட்டவர்கள், நாடு கடத்தப்பட்டவர்கள் கதை 2018-ல் வெளியே வந்தது. உள்துறை மந்திரி ராஜினாமா செய்தார்.

அதே 2018-ல் ஜிம் குரோவர் என்பவர் விண்ட்ரஷ் தலைமுறையைப் பற்றிய தம் புகைப்படங்களை லண்டனில் கண்காட்சியாக வைத்தார். பெரியவர்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பது, டாமினோ ஆடுவது, சர்ச்சுக்குப் போவது என்று அவர்களுடைய வாழ்க்கையையே எடுத்திருந்தார். இவர்கள் வெளியாட்கள் என்று பேசியவர்களுக்கு அந்த முகங்களே பதிலாக நின்றன. இந்த மக்களின் பாட்டும் சமையலும் இன்று லண்டனின் பாட்டும் சமையலும் ஆகிவிட்டன. அவர்கள் தொடங்கிய நாட்டிங் ஹில் திருவிழாவுக்கு உலகமே வருகிறது.

ரயில்வேயில் கிளார்க் வேலை பார்க்கும் நமக்குக் காகிதத்தின் அருமையும் தெரியும், அதன் ஓட்டையும் தெரியும். பி.எஃப். காகிதத்தில் முனுசாமி, ஆதாரில் முனிசாமி, ஓட்டர் லிஸ்டில் முனியசாமி என்றிருக்கும் பெரியவர் நம் தெருவில் எத்தனை பேர்? கம்பெனி மூடிப்போனால் ரிஜிஸ்டரும் போய்விடுகிறது. 1982-ல் இந்தப் பட்டறை வாசலில் இவர் நின்றார் என்பதற்கு ஒரு குரூப் போட்டோ மட்டுமே மிஞ்சக்கூடும். கோர்ட்டில் அது செல்லுபடியாகுமா என்பது வேறு விஷயம். நம் பிள்ளைகளுக்கு அது செல்லும்.

இந்த நகரத்துக்கு நம்மவர் கொடுத்தது

பீன்யாவுக்குப் பக்கத்திலேயே ஜாலஹள்ளியில் எச்.எம்.டி. நினைவகம் 2019-ல் திறக்கப்பட்டது. 1953-ல் தொடங்கிய அந்தப் பொதுத்துறை நிறுவனத்தின் இயந்திரங்களையும் கடிகாரங்களையும் அங்கே போய்ப் பார்க்கலாம். பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டிய இடம்தான். பீன்யாவின் சிறு பட்டறைகளில் டர்னராகவும் ஃபிட்டராகவும் பிளேட்டிங் தொட்டிக்காரராகவும் பவுண்டரியில் வார்ப்பு ஊற்றியவராகவும் இருந்த நம்மவர்களைப் பார்க்க எந்தக் கட்டிடத்துக்குப் போவது?

அவர்கள் கொடுத்தது கைவேலை மட்டுமா? ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் பம்பை உடுக்கையையும் இந்தத் தெருக்களுக்குக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். கைக்காசு போட்டுப் படிப்பகம் வைத்துத் தமிழ்ப் பத்திரிகை வாங்கிப் போட்டவர்கள் அவர்கள். தந்தை பெரியார், அண்ணா, அம்பேத்கர் படங்களை ஒண்டுக் குடித்தனச் சுவரிலும் மாட்டி வைத்து, பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள். கன்னடத்துத் தோழர்களோடு ஒரே டிபன் கேரியரில் தின்று, இரு மொழியும் கலந்த பட்டறைப் பேச்சு ஒன்றை உண்டாக்கியதும் அவர்கள்தான். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பையன்களுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பது யார்? முடி நரைத்த நம் மேஸ்திரிகள்தான். தலைவர்கள் படத்தைச் சுவரில் மாட்டத் தெரிந்த நாம், அந்தத் தலைவர்கள் சொன்னதை வாழ்ந்து காட்டியவர்களின் படத்தை ஏன் மாட்டவில்லை?

தாய்மார்களின் படம்

நம் வீட்டுப் பழைய படங்களில் பெண்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாணப் படத்தில் கணவர் பக்கத்தில். பிறகு மடியில் குழந்தையோடு. வேலை செய்தவராக எங்கும் இல்லை. கார்மெண்ட்ஸில் மிஷின் ஓட்டியவர், கட்டிடத்தில் சித்தாள் வேலை பார்த்தவர், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கியவர் யாரும் அந்த வேலையோடு படத்தில் இல்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1993-லிருந்து 2002 வரை பத்து மாநிலங்களில் எடுத்த படங்களைக் கொண்டு, பெண்களின் கண்ணில் படாத உழைப்பைப் பற்றி ஒரு கண்காட்சி அமைத்தார். அதைக் குளிர்சாதன மண்டபங்களோடு நிறுத்தாமல் ஆலை வாசல்களிலும் பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் வைத்தார்கள். அவர் 2014-ல் தொடங்கிய 'பாரி' என்ற ஊரக மக்கள் காப்பகத்தில் முகங்கள் என்றே ஒரு பகுதி உண்டு. பெயர், தொழில், ஊர் ஆகியவற்றோடு ஒவ்வொரு முகமும் இருக்கிறது. வெள்ளையன் எட்டுத் தொகுதியில் எழுதாமல் விட்டதை இவர்கள் எழுதுகிறார்கள்.

மதுரைத் தம்பி எம். பழனிகுமாரைப் பற்றியும் நம் பிள்ளைகள் அறிய வேண்டும். மீன் விற்ற தாயின் மகன். கடன் வாங்கிக் கேமரா வாங்கினார். மலக்குழியில் இறந்த துப்புரவுத் தொழிலாளர்களின் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருகிறார். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. 2022-ல் தயானிதா சிங் - பாரி ஆவணப் புகைப்பட விருது அவருக்குக் கிடைத்தது. தம் தாயின் உழைப்பையும் படமாக்கினார், உழைப்பாளிகளின் பிள்ளைகளுக்குக் கேமரா பிடிக்கவும் சொல்லிக் கொடுக்கிறார். நம் வீட்டுப் பிள்ளை ஒருவர் கேமராவுக்குப் பின்னால் நின்றால் படத்திலிருப்பவர் விறைத்து நிற்க மாட்டார்.

சிலர் சொல்லும் ஆட்சேபம்

செல்போனில் ஆயிரம் படம் இருக்கிறதே, பிறகு எதற்கு என்பார்கள். இருக்கிறது, போன் ரிப்பேர் ஆனால் ஆயிரமும் போகிறது. அந்த ஆயிரத்தில் தாத்தாவை நிதானமாக உட்கார வைத்து எடுத்தது எத்தனை? படத்தின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதியது எத்தனை?

நம் முகங்களை ஊருக்குக் காட்டினால் மொழியின் பெயரால் யாராவது கிளப்பிவிட மாட்டார்களா என்று கேட்கும் பெரியவர்களின் பயத்தை நாம் லேசாக எண்ணவில்லை. 1991 டிசம்பரும் 2016 செப்டம்பரும் நம் நினைவில் உள்ளன. 2016-ல் பீன்யாவிலும் ஊரடங்கு போட்டார்கள். ஆனால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். அல்சூரில் 18 ஆண்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்ட் 9-ல் திறக்கப்பட்டது. நாலு நாளில் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலையும் திறக்கப்பட்டது. பதினெட்டு வருஷம் துணி போட்டு மூடி யாருக்கும் ஒரு நன்மையும் வரவில்லை. ஆகவே நம் படங்களின் கீழே தமிழிலும் கன்னடத்திலும் எழுதுவோம். கூட வேலை பார்த்த கன்னட, தெலுங்கு, உருது பேசும் கூட்டாளிகளின் படத்தையும் சேர்த்தே வைப்போம். ஒரே ஷிப்டில் நின்றவர்களைச் சுவரில் பிரிக்க நமக்கு உரிமை கிடையாது.

பணத்துக்கு எங்கே போவது என்பது கடைசிக் கேள்வி. ஒரு பிரேமுக்கு ஆகும் செலவு, நாம் ஒரு விழாவுக்குக் கட்டும் பிளெக்ஸ் பேனர் செலவைவிடக் குறைவு. அடுத்த பொங்கலுக்குப் பிரமுகர் முகம் போட்ட பேனர் ஒன்றைக் குறைத்துக்கொள்ளச் சங்கம் தயாராக இருக்கிறது.

செய்ய வேண்டியவை

ஒவ்வொரு தெருக்கிளையும் தங்கள் பகுதியில் 65 வயது தாண்டிய உழைப்பாளிகளின் பட்டியலை முதலில் எடுக்கட்டும். ஆண், பெண் இரு பாலரும். அவர்களை இருக்கும் இடத்திலேயே படம் எடுப்போம். என்ன உடை, உட்காருவதா நிற்பதா, கையில் என்ன வைத்துக்கொள்வது என்பதெல்லாம் அவர்கள் இஷ்டம். வேண்டாம் என்பவரை வற்புறுத்தக் கூடாது. படத்தோடு அவருடைய பெயர், அவர் சொல்கிற எழுத்தில், சொந்த ஊர், இங்கே வந்த வருஷம், பார்த்த வேலைகள். சாதிப் பெயர் வேண்டாம்.

டிரங்குப் பெட்டிப் படங்களைச் சங்கத்துக்குக் கொண்டுவாருங்கள். உங்கள் கண் முன்னாலேயே பிரதி எடுத்து மூலத்தைத் திருப்பித் தருவோம். அதுவரை மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். பழைய படத்தை லேமினேஷன் செய்யாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது. பசை தடவிய ஆல்பத் தாளில் ஒட்டாதீர்கள். ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்த்து எடுக்கவும் செய்யாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். படத்தின் பின்னால் பால்பென்னால் அழுத்தி எழுதாமல், பென்சிலால் மெதுவாகப் பெயர்களை எழுதுங்கள். யார் யார் என்று அடையாளம் சொல்லக்கூடியவர் வீட்டில் பாட்டி ஒருவர் மட்டுமே இருப்பார். அவரிடம் இந்த ஞாயிற்றுக்கிழமையே கேளுங்கள்.

வரும் பொங்கல் விழாவில் மேடைக்கு முன்னால் வழக்கமாக நாற்காலி போடும் இடத்தில் இந்தப் படங்களை வரிசையாக வைக்கலாம் என்று சங்கக் குழுவில் பேசியிருக்கிறோம். அதற்குப் பிறகு ஜாலஹள்ளி கிராஸிலும், அனுமதி கிடைத்தால் ரயில் நிலையத்திலும் வைக்க வேண்டும். தை பிறக்க அதிக நாள் இல்லை. கிளைத் தோழர்கள் பட்டியலை அடுத்த இதழுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.